ரொட்டிக் கடை வாசலில் இரண்டாவது கியர்

என் அக்காவின் கணவரிடம் காரை விட்டுவிட்டு உடனே வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாராவது நினைத்தால், அந்த ஆள் பட்டறைக்குப் புதுசு என்று அர்த்தம். பழைய ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸை மட்டும் பிரித்து மேய்கிற மனுஷர் அவர். ஆனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்காரரைப் பார்ப்பார். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஆரம்பித்துவிடுவார். அதிகம் போவது எந்த ரோடு? மேடு உண்டா? பிரேக்கை மிதிக்கிற பழக்கமா, தடவுகிற பழக்கமா? பின்னால் யார் உட்காருவார்கள்? பக்கத்து சீட்டில் யார்? போலீஸ்காரர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். எங்கள் தெருவில் அவருக்குக் கேள்வி மாஸ்டர் என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

நான் அவருடைய மச்சினன். அதே கொட்டகையின் மறுபாதியில் கார் சீட் தைக்கிறேன். அவர் பக்கம் எண்ணெய், என் பக்கம் ரெக்ஸின், நடுவில் ஒரு தார்ப்பாய். எண்ணெய்க் கையோடு தார்ப்பாயைத் தாண்டக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதை அவர் ஒரு நாளும் மதித்ததில்லை.

அத்தனை கேள்வியும் கடைசியில் ஒரு ஓட்டைக்காகத்தான். கியர்பாக்ஸுக்குள் ஒரு தகடு இருக்கிறது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அளவு, உடம்பெல்லாம் ஓட்டை. கியர் மாறும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் போய்த்தான் கிளட்ச்சை இறுக்கும். ஓட்டை சின்னதாக இருந்தால் எண்ணெய் மெல்ல வரும். கியர் மாறியதே தெரியாது, ஆனால் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடித்துச் சீக்கிரம் தேயும். பெரிதாக இருந்தால் எண்ணெய் ஒரே பாய்ச்சலாக வரும். கியர் சட்டென்று விழும், முதுகில் ஒரு குத்து விழும், கிளட்ச் நெடுநாள் உழைக்கும். பழைய கார்களைத் தேற்றுவதற்கென்று விற்கிற சாமான் செட்டில் புதுத் தகடும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். மெத்தென்று, நடுத்தரம், கெட்டி என்று மூன்று பதத்துக்கு அளவு சொல்லிவிட்டு, துளை போடுவதை நம் தலையில் கட்டிவிடுவார்கள். மாமாவுக்கு அதில் ஒரே வேதம்தான்: ஓட்டையைப் பெரிசாக்கலாம், சிறிசாக்க முடியாது. அதனால்தான் டிரில்லை எடுப்பதற்கு முன்னால் அவ்வளவு விசாரணை.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இளவட்டம் வந்து, கெட்டியாகப் போடுங்கள், மிதித்தால் வண்டி உதைக்க வேண்டும் என்றான். மாமாவும் போட்டுக் கொடுத்தார். பையன் பல்லெல்லாம் தெரியப் போனான். கொஞ்ச நாள் கழித்து அவனுடைய அம்மா கொட்டகைக்கு நடந்தே வந்தார். முதுகு தாங்கவில்லை, இப்போதெல்லாம் மகன் காரில் ஏறுவதில்லை, ஏதேதோ சாக்கு சொல்லி நழுவுகிறேன், அவனிடம் சொன்னால் வருத்தப்படுவான் என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். மாமா ஏதோ ஆயில் மாற்றுகிற சாக்கில் அந்த வண்டியை வரவழைத்து, வேறு தகடு போட்டு நடுத்தரமாக்கி அனுப்பினார். பையனுக்கு இன்று வரைக்கும் தெரியாது. அதிலிருந்து பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் நேரில் வந்து வாயால் சொன்னால்தான் மாமா டிரில்லைத் தொடுவார்.

இதனால் கொட்டகையில் நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கெட்டி என்றார், அவர் மனைவி மெத்தென்று என்றார். பேச்சு கியர்பாக்ஸை விட்டு எங்கெங்கோ போய், யாருடைய தம்பி யாரை மதிக்கவில்லை என்பதில் வந்து நின்றது. மாமா இன்னொரு டீ சொல்லிவிட்டு நடுத்தரமாகப் போட்டார். இரண்டு பேரும் தோற்றதில் இரண்டு பேருக்கும் திருப்தி.

இவ்வளவு கேட்கிற மனுஷர், கேட்க வேண்டிய ஒருத்தியிடம் கேட்காமல் விட்டார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவிடம் ஒரு கார் இருந்தது. வெளிர் நீல நிறம், நீண்ட மூக்கு, அந்தக் காலத்து மூன்று கியர் ஆட்டோமேட்டிக். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தபோது கல்யாணத்துக்கு முன்பே, பழசாகத்தான், வாங்கினாள். அது ஒருநாள் கியர் மாறாமல் முரண்டு பிடிக்க, மாமாவிடம் கொண்டுபோனாள். வண்டி சரியானது, மாமா பழுதானார். அதற்கப்புறம் அந்த வண்டி தேவையே இல்லாமல் நிறையத் தடவை சர்வீசுக்குப் போனது. எங்கள் வீட்டில் விவரம் தெரிந்தபோது முகூர்த்தம் குறிக்கிற வேலை மட்டும்தான் பாக்கி இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் வண்டியை அக்காதான் ஓட்டுவாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கியர்பாக்ஸைக் கேட்டுக்கொண்டு வருவார். பிறகு அவள் பார்வை ஓரத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். சொட்டு மருந்து விட்டார்கள், அறுவை செய்தார்கள், இருட்டு தன் பாட்டுக்கு உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் ஆபீஸிலிருந்து வரும்போது வீட்டு வாசல் தூணிலேயே உரசிவிட்டாள். இறங்கி வந்து சாவியை மாமாவின் கையில் வைத்து, இனிமேல் நீங்கள் ஓட்டுங்கள் என்றாள். அவள் அழவில்லை. நான்தான் பின்பக்கம் போய் அழுதேன்.

இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனபிறகு அக்கா வேலையை விட்டாள்; ஊர் சுற்றுவதை மட்டும் விடவில்லை. சந்தைக்கு, தோழி வீட்டுக்கு, ஒன்றுமில்லை என்றால் சும்மா ஒரு சுற்று. அப்படிப் போகும்போது பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடம் வருது, மெதுவா போங்க என்பாள். இந்த ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்களா என்று கேட்பாள். சரியாக அந்தச் சுவர் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருப்போம். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கண் போனால் காது கூர்மையாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, நான் அதோடு விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வண்டிக்கும் வயசாகிக்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது டொம்மென்று ஓர் இடி. பட்டறைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் அவரை அரித்தது கிண்டல் இல்லை. நமக்காவது முன்னால் ரோடு தெரியும், இடி வரப்போவது தெரியும், அவளுக்கு ஒவ்வொரு தடவையும் எதிர்பாராமல் முதுகில் அடித்த மாதிரி இருக்குமே என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சொல்லும்போது முகம் சுண்டிப்போயிருந்தது. மறுவாரமே சாமான் செட்டை வரவழைத்துவிட்டார்.

அக்காவிடம் சின்ன வேலை என்று மட்டும் சொன்னார். பாக்ஸை முழுக்க இறக்கினார். புதுக் கிளட்ச் பிளேட், புது சீல், புதுத் தகடு. துளை போட எடுத்ததோ, இருப்பதிலேயே சின்ன பிட். இவ்வளவு மெத்தென்று போட்டால் கிளட்ச் தேயும் என்று நீங்கள்தானே ஊருக்கெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"தேயட்டும் மாப்ள. தேய்ஞ்சா மறுபடியும் இறக்கி மாத்துறேன். அவளுக்காக எத்தனை தடவ வேணாலும் பிரிப்பேன்" என்றார்.

என் பங்குக்குப் பக்கத்து சீட்டுக்குப் புது ஃபோம் வைத்துத் தைத்தேன். பின்னால் நடந்த எந்தத் தகராறிலும் சீட்டைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி தயாரானதும் மூன்று பேருமாகக் கிளம்பினோம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது வண்டி. எந்தக் கியரில் இருக்கிறோம் என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. மாமா அக்காவின் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்கா முதலில் சும்மா இருந்தாள். பிறகு கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் பிறகு, இப்ப எங்க இருக்கோம் என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. மாமாவோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, பார்த்தாயா, வண்டி ஓடுவதே தெரியவில்லை என்று சிரித்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா, நல்லாருக்குங்க என்றாள். அந்தக் குரலில் நல்லா இருந்தது ஒன்றுமே இல்லை.

அன்றோடு அவள் வெளியே போவது நின்றது. வெயில் என்றாள், தலைவலி என்றாள், தோழி ஊரில் இல்லை என்றாள். தோழி ஊரில்தான் இருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க அவளே தேடிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா சாவியைக் கையில் வைத்துக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு நிற்பார். அக்கா துவைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பாள். கார் போர்வைக்குள் போனது. மாமா கொட்டகையில் வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார். கேட்டாலும் பதிலைக் காதில் வாங்கவில்லை. ஆசையாகச் செய்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவருக்கு வருத்தம். அவள் ஏன் சொல்லாமல் இருக்கிறாள் என்று எனக்குக் கோபம். மகனிடம் சொல்லாமல் நடந்தே வந்த அந்த அம்மாவை எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பேச்சு முற்றியிருந்தது. அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா நிலைப்படியில் சாய்ந்து நின்றார். உனக்காகத்தானே செய்தேன், அதில் ஏறக்கூட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் உயர்ந்து நான் அன்றுதான் கேட்டேன்.

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"முதல்ல என் கண்ணு போச்சு. அது யார் தப்பும் இல்ல. இப்ப ரோடும் போச்சுங்க. அது நீங்க பண்ணது."

மாமாவுக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினாள். நீங்கள் செக்கு மாடு மாதிரி தினமும் ஒரே மாதிரிதான் ஓட்டுவீர்கள். ரொட்டிக் கடை வாசலில் இரண்டாவது கியர் இடிக்கும். அங்கிருந்து முருங்கை மரத் திருப்பம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மெதுவாக்குவீர்கள், தாண்டியதும் மறுபடி இடிக்கும், ஆஸ்பத்திரிச் சுவர் ஆரம்பம். சிக்னலில் நின்று எடுத்தால் என் பழைய ஆபீஸ் வாசலில் ஓர் இடி. அந்த இடிகளை வைத்துத்தான் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடியும் எனக்கு எதிர்பாராமல் விழுந்ததில்லை. அடுத்தது எங்கே என்று எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். இப்போது காரில் ஏறினால் என்னை ஒரு பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

வாசனை வருமே, சத்தம் கேட்குமே என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். ரொட்டிக் கடை லீவு விட்டால் வாசனை ஏதுடா, பள்ளிக்கூடம் லீவு விட்டால் சத்தம் ஏது, கியர் லீவு விடுமா என்றாள். எனக்குத் தேவைதான்.

பிறகு மாமா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஊர்ல இருக்கிற பொண்டாட்டிங்க எல்லாரையும் ஸ்டூல் போட்டு உக்காரவச்சுக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது மாமாவின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, மிச்ச வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கண்ணீர் விட வெங்காயம் வசதியாகப் போயிற்று.

மறுநாள் அக்காவைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். வாடிக்கையாளர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து கேட்டார். அதிகம் போவது எந்த ரோடு? சந்தை ரோடு என்றாள். ஓட்டுகிறவர் எப்படி? நல்லவர்தான், ஆனால் தானே எல்லாம் முடிவு செய்துகொள்வார் என்றாள். நான் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன்.

"பக்கத்து சீட்ல யாரு உக்காருவாங்க?"

"நான்."

மாமா டீயை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எந்தப் பதம் வேண்டும் என்றார். அக்கா, எல்லாக் கியருக்கும் ஒரே ஓட்டைதானா என்று திருப்பிக் கேட்டாள். இல்லை, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக ஓர் ஓட்டை, இரண்டிலிருந்து மூன்றுக்கு வேறு ஓட்டை என்றார். வந்தவர்கள் எல்லாரும் மொத்தமாக ஒரு பதம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்; பிரித்துக் கேட்டது அக்கா ஒருத்திதான்.

"அப்ப ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குப் போறப்ப என்கிட்ட சொல்லிட்டுப் போகணும். ரெண்டுலேர்ந்து மூணுக்கு சொல்லாமப் போனாலும் பரவால்ல. அங்க ரோடு நேரா இருக்கு, நான் பாதித் தூக்கத்துல இருப்பேன்."

மாமா ஆயிலை வடித்து, அடியில் படுத்து, தகட்டைக் கழற்றி, துடைத்து, அவள் மடியில் வைத்தார். அக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன சல்லடையா என்றாள். மாமா அவள் விரலைப் பிடித்து, எந்த ஓட்டை என்று காட்டினார். அடுத்த அளவு பிட்டால் துளை போட்டார். மாட்டி, ஆயில் ஊற்றி, தெருக்கோடி வரைக்கும் போய்வந்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடி வடிப்பது, படுப்பது, கழற்றுவது. மறுபடி இன்னும் கொஞ்சம். எண்ணெய்க் கையோடு தார்ப்பாயைத் தாண்டி என் துணியில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கெட்டிப் பதத்தின் அளவு வந்ததும் மாமா டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். இதற்கு மேல் ஒரு நூல் போனாலும் திரும்பிவர முடியாது என்றார்.

"திரும்பணும்னு யாரு சொன்னா? போடுங்க" என்றாள் அக்கா.

போட்டார்.

சாயங்காலம் மறுபடி மூன்று பேரும் கிளம்பினோம். நான் பின் சீட்டில். தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் வண்டி பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டியது. பழைய இடியின் தொளதொளப்பு அதில் இல்லை; தோளில் கை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி, ஒரே தட்டு.

"ரொட்டிக் கடை" என்றாள் அக்கா.

ரொட்டிக் கடைதான். ஷட்டர் இறங்கியிருந்தது, வாசனை ஒன்றும் இல்லை. திருப்பத்தில் அக்கா முருங்கை மரத்தை வெட்டிவிட்டார்களா என்று கேட்டாள். இருக்கிறது, காய்த்திருக்கிறது என்றேன். பள்ளிக்கூடம் தாண்டி அடுத்த தட்டு விழுந்ததும் ஆஸ்பத்திரிச் சுவர் என்றாள். கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். முகம் பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பியது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் மாமா இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்.

சிக்னலில் நின்று எடுத்தோம். அவளுடைய பழைய ஆபீஸ் கட்டடம் வந்தது, வாசல் வந்தது, வாசலும் தாண்டிப் போனது. தட்டு விழவில்லை. வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பாக்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். முன்னால் எட்டிப் பார்த்தேன். மாமா ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னால் எதுவும் தெரியாமல் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்.

அக்கா ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"ஆபீஸ் வாசல் வந்திருக்கணும், இன்னும் ரெண்டாவது கியர் விழல" என்றாள். "கண்ணைத் தொடச்சுட்டு ஓட்டுங்க. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ரோடு தெரியணும்."